போகியன்று டயர் எரிந்த காலை

புகை வாசலைத் தாண்டிவிட்டது. கதவைச் சாத்துகிறேன். சன்னல் மூன்று. மூன்றையும் சாத்துகிறேன். இடுக்குகளில் ஈரத்துண்டைத் திணிக்கிறேன். பயனில்லை. வெளியே மேளம். டம், டம், டம். நிற்கவே இல்லை. நெருப்புக்குள் ஏதோ வெடிக்கிறது. என் பேத்தி யாழினி கட்டிலில் முன்புறம் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். ஆறு வயது. மூச்சு விசிலடிக்கிறது.

போகி நாள். விடிந்தும் விடியாத பொழுது. சிதம்பரத்தில் எங்கள் தெருவில் வீடுகள் முப்பத்திரண்டு. தீக்குவியல்கள் ஐந்து. பனி மூடிபோல் கவிந்து கிடந்தது. புகைக்கு மேலே போக வழியில்லை. வீடுகளுக்குள் புகுந்தது.

கொளுத்தும் முன்பே சொன்னேன். எதிர்வீட்டு சேகரிடம். டயர் வேண்டாம், பிள்ளைக்கு வீசிங் இருக்கிறது என்று.

"வருஷத்துல ஒரு நாளு மாமா. அதையும் எண்ணிக்கிட்டுத்தான் இருப்பீங்களா?" என்றான். சிரித்தான். கொளுத்தினான்.

மருமகள் மலர் இன்ஹேலரை எடுத்து வருகிறாள். கூடவே ஸ்பேசர் வேண்டும். முழ நீளத்தில் பாதி இருக்கும் பிளாஸ்டிக் குழாய். மருந்து அதில் தங்கும். குழந்தை மெல்ல இழுக்கலாம். கடலூர் டாக்டர் கொடுத்தது. அலமாரியில் இல்லை.

"அந்தக் குழா எங்கங்க?"

என் மகன் குமரன் தெருப்பக்கம் பார்த்தான். முந்தின நாள் அலமாரியை அவன்தான் ஒழித்தான். உடைந்த பொம்மை என்று நினைத்திருக்கிறான். பழைய சாமான் மூட்டையில் போட்டுவிட்டான். மூட்டை தெருவுக்குப் போயிருந்தது.

சன்னலைத் திறந்து பார்த்தேன். குவியலின் ஓரத்தில் கிடந்தது. பாதி உருகிச் சுருண்டிருந்தது. அவள் மூச்சுக்கு வைத்திருந்த குழாய். இப்போது அதுவும் புகை. சன்னலைச் சாத்தினேன்.

குழாய் இல்லாமல் வாயில் அடிக்கிறாள் மலர். யாழினி இருமுகிறாள். மருந்து நாக்கோடு போயிற்று. கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணுகிறேன். நிமிடத்துக்கு நாற்பத்தெட்டு. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவின் நடுவே தோல் உள்ளே போகிறது. "தாத்தா" என்றாள். அடுத்த சொல் வரவில்லை.

குமரன் அவளைப் படுக்கவைக்கப் போனான்.

"படுக்க வெக்காதீங்க! உக்காந்தே இருக்கட்டும். நூத்தியெட்டுக்கு அடிங்க!" என்றாள் மலர். குமரன் போனை எடுத்தான்.

மலர் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்தாள். கத்தியால் அடியில் துளை போட்டாள். இன்ஹேலரைக் குலுக்கி, அதன் வாயைத் துளையில் செருகினாள். பாட்டிலின் வாயைக் குழந்தையின் உதட்டில் வைத்தாள். குழாய் இல்லாவிட்டால் இப்படிச் செய்யலாம் என்று அதே டாக்டர் காட்டியிருந்தார். ஒரு அழுத்து. ஐந்து மூச்சு. நான் எண்ணுகிறேன். மறுபடி குலுக்கல். ஒரு அழுத்து. ஐந்து மூச்சு.

பிறகு விசில் நின்றது.

"அடங்கிடுச்சு," என்றான் குமரன்.

மலர் குழந்தையின் மார்பில் காது வைத்தாள். "அடங்கலீங்க. காத்தே போவல."

விசில் பயம். விசில் இல்லாதது அதைவிடப் பயம். அன்றுதான் தெரிந்தது. உதடு நாவல்பழ நிறம். மலர் அழுத்துவதை நிறுத்தவில்லை. தெருமுனையில் சைரன். நெருங்கியது. நின்றுவிட்டது. நடுத்தெருவில் டயர் எரிந்துகொண்டிருந்தது.

வெளியே ஓடினேன்.

"தீய நவுத்துங்கடா! புள்ளைக்கு மூச்சு நிக்குது!"

மேளம் நின்றது. சேகர் ஓடிவந்தான். எரியும் டயரைக் காலால் உதைத்தான். அசையவில்லை. மறுபடி உதைத்தான். டயர் சாக்கடையில் விழுந்தது. பெண்கள் குடம் குடமாக ஊற்றினார்கள். குமரன் குழந்தையை நிமிர்த்திப் பிடித்தபடி ஓடினான். மலர் பாட்டிலோடு கூடவே ஓடினாள். நான் பின்னால்.

வண்டிக்குள் ஆக்சிஜன். முகமூடியில் மருந்துப் புகை. இது நல்ல புகை. எண்ண முயன்றேன். எண்கள் குழம்பின. ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றபோது கேட்டது. விசில். மெல்லிய விசில். காற்று போகிறது.

மூன்றாம் நாள் வீடு திரும்பினோம். அடுத்த போகிக்கும் டயர் சேர்ப்பார்கள். அதனால் எழுதி வைக்கிறேன்.

இழந்தவை. ஸ்பேசர் ஒன்று. ஓட்டத்தில் நசுங்கிய குடம் ஒன்று. சேகரின் செருப்பு ஒரு ஜோடி, அவன் வலது பாதத்தில் உள்ளங்கை அகலத் தோல். அந்த வீட்டுப் பொங்கல். எங்கள் வீட்டுப் பொங்கல்.

ஆட்கள். போனவர்கள் நால்வர். வந்தவர்கள் நால்வர். இழப்பு இல்லை.

எழுதிவிட்டு உள்ளே போய்ப் பார்த்தேன். தூங்குகிறாள். இழப்பு இல்லை.