மாப்பிள்ளையோட ஓட்ட ஷூ

தட்டுங்க மாப்ள, நல்லாத் தட்டுங்க. கதவு உங்களோடது, உடைஞ்சா நீங்கதான் மாத்தணும். நான் திறக்க மாட்டேன்.

ஆமா, ரெண்டு ஷூவும் என்கிட்டதான் இருக்கு. ஒண்ணு பக்கெட்டுல ஊறுது. சோப்புத்தூள் கொஞ்சம் தாராளமா விழுந்துடுச்சு, நுரை என் முட்டி வரைக்கும் வந்துடுச்சு. இன்னொண்ணு மடியில இருக்கு. உங்க மச்சானுக்கு இந்த வயசுல இப்படி ஒரு பொழப்பு, பாத்ரூம்ல கவுத்துப் போட்ட வாளி மேல!

என்னது, காய்ச்சல் விட்டுடுச்சா? நேத்து போர்வைக்குள்ள கிடந்து முனகுனது யாரு, பக்கத்து வீட்டுக்காரரா? மாடியேறுனதுக்கே நெஞ்சு படபடங்குதுன்னு பாதிப் படியில உக்காந்தீங்களே!

இன்னைக்குப் பந்தயத்துல நீங்க ஓடலன்னா ஆபீஸ் மானம் போயிடுமா? உங்க மேனேஜரை ஓடச் சொல்லுங்க, தொப்பையாவது குறையும். சுவர் இருந்தாத்தான் மாப்ள சித்திரம்.

வெறுங்காலோட ஓடுவீங்களா? ஓடுங்க பாப்போம். வாசல்லயே மண்டி போட்டு உங்க காலைக் கட்டிப் பிடிச்சுக்குவேன். எனக்கு வெக்கமெல்லாம் கிடையாது.

திட்டுங்க, பரவால்ல. நான் மோட்டார் ரிப்பேர் பண்றவன்தான், டாக்டர் இல்ல. ஆனா டாக்டர் சொன்னதைக் காதால கேட்டவன். காய்ச்சல் கிருமி சில பேருக்கு இதயத்துச் சதையையே வீங்க வெச்சிடுமாம். அந்த நேரத்துல ஓடினா பொசுக்குன்னு நின்னுடுமாம். எல்லாருக்கும் ஆகாதாம். யாருக்கு ஆகும்னு முன்கூட்டியே தெரியாதாம்.

யாருக்காகக் கேட்டேனா?

உங்களுக்கு முந்தி என் தங்கச்சியைக் கட்டின மாப்ள ஒருத்தர் இருந்தாரே, அவருக்காக. நெஞ்சுவலின்னுதான் உங்ககிட்ட சொல்லி வெச்சோம். வலியெல்லாம் ஒண்ணும் இல்ல. சளிக்காய்ச்சல்தான். விட்டுடுச்சுன்னு பந்தயத்துக்குப் போனாரு. பாதி வழியில விழுந்தவரு எந்திரிக்கவே இல்ல. வாட்டசாட்டமான மனுஷன், நல்லா சிரிப்பாரு. எனக்கு ரொம்பப் பிடிக்கும் அவரை.

காலங்காத்தால எனக்குப் போன் பண்ணி, அண்ணே, எப்படியாவது அந்த ஷூவைத் தூக்கிட்டுப் போயிடுன்னு சொன்னது உங்க வீட்டம்மாதான். போகாதீங்கன்னு உங்ககிட்ட சொல்ல வாயைத் திறந்தா அழுகைதான் வருதாம். பழசை இழுத்து உங்க மனசை நோகடிக்கக் கூடாதுன்னு வேற நினைக்குறா, பைத்தியக்காரி.

அன்னைக்கு அவருக்கு லேஸ் கட்டிவிட்டதே அவதான் மாப்ள.

போங்க, அடுப்படியில நிக்குறா. ஓடலன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க. திறக்குறேன்.