மிளகாய் வயலில் இயந்திரம் உடைந்தது குறித்து

ஐயா, என் பெயர், வயது, விலாசம் மூன்றையும் காவலர் மேலே எழுதிவிட்டார். மீதியையும் தானே எழுதுவதாகச் சொன்னார். போன வருடம்தான் எழுதப் படித்தேன், நானே எழுதுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். எழுத்து ஏறியும் இறங்கியும் இருக்கும், சில இடத்தில் பேனா தாளைக் கிழித்திருக்கும். மன்னிக்க வேண்டும். ஆனால் படிக்க வரும்.

நானும் என் மகளும் முதலாளியின் மிளகாய் வயலில் வேலை செய்கிறோம். களையெடுக்க ஆள் கிடைக்காததால் அவர் களை பிடுங்கும் இயந்திரம் வாங்கினார். அதற்குத் தனிக் கொட்டகையும் மின்விசிறியும் போட்டதால் நாங்கள் அதை மாப்பிள்ளை என்போம். அதற்கென்று முதலாளி கொடுத்த கைபேசியால் அதை ஓட்டுவது என் மகள். புதுப் பயிர் வைத்தால், ஒரு வரிசையைச் சுத்தமாகக் களையெடுத்து, இதுதான் பயிர் என்று அதற்குக் காட்ட வேண்டும். காட்டியதை விட்டு மற்றதைப் பிடுங்கும்.

சம்பவத்தன்று காலை முதலாளி இரண்டு பேரை இயந்திரம் பார்க்க அழைத்து வந்தார். என் மகள், "முதலாளி, இந்த வரிசையில மிளகாயவிட களைதான் ஜாஸ்தி. கொஞ்சம் பொறுங்க, கையால எடுத்துடறோம்" என்றாள். அவர், "கையால எடுக்கவா இத வாங்கினேன்? கொண்டா இப்படி" என்று அவளிடமிருந்து கைபேசியை வாங்கி, அந்த வரிசையையே பயிர் என்று தானே காட்டினார், தானே ஓடவும் விட்டார். அதன் பின் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வந்தவர்களோடு காரில் சாப்பிடப் போனார். அது என் மகளிடம் இருந்ததாகப் புகாரில் சொல்லியிருப்பது சரியல்ல.

அதன் பின் இயந்திரம் மிளகாய்ச் செடியைப் பிடுங்கிப் போட்டு, களையை விட்டுவிட்டுப் போனது. நிறுத்தும் சிவப்புப் பொத்தானுக்கு முதலாளி மூடி போட்டுப் பூட்டியிருந்தார். இளைப்பாறுவதற்காக நாங்கள் அதை அமுக்குகிறோம் என்று அவருக்குச் சந்தேகம். என் கைபேசியிலிருந்து கூப்பிட்டோம், எடுக்கவில்லை.

ஆள் குறுக்கே நின்றால் அது நிற்கும். நான் போய் நின்றேன். சற்றுப் பொறுத்து விலகி அடுத்த வரிசைக்குப் போனது. அங்கே மகள் நின்றாள். அதற்கடுத்ததற்குப் போனது. "அப்பா, அந்தப் பக்கம் ஓடு" என்று அவள் கத்தினாள். ஓடினேன். வரிசைக்கு ஒருவர் நிற்க ஆள் இருந்திருந்தால் வயல் பிழைத்திருக்கும். அத்தனை ஆள் இருந்திருந்தால் இயந்திரமே வந்திருக்காது. செடிகள் பூவோடு கிடந்தன.

அதன் பின் மகள், "மண்வெட்டிய எடுப்பா" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். அவள் இயந்திரத்தின் கண்ணாடிக் கண்ணில் அடித்தாள், நின்றது. மிச்சமுள்ள பாதி வயல் அந்த அடியால் மிஞ்சியது.

முதலாளி வந்து, "வேலை போயிடும்னு பொறாமையில வேணும்னே செஞ்சிருக்கீங்க" என்றார். மகள், "எனக்கு வேலையே மாப்பிள்ளைய மேய்க்கறதுதானே முதலாளி" என்றாள். அவர் சட்டைப்பையிலிருந்து அதே கைபேசியை எடுத்து உங்களைக் கூப்பிட்டார்.

இதுவரை வாசித்த காவலர், "அழகா எழுதியிருக்கீங்க பெரியவரே. ஆனா மக உடைச்சத நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்களே" என்றார். நடந்ததை எழுதாமல் வேறு எதை எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

யாரும் சொல்லித்தராமல், கண்ணால் கண்டதை என் கையால் எழுதி, நானே வாசித்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. இது போதாதென்றால் அடுத்த வாரமும் வந்து எழுதுகிறேன். இன்றைக்கு அவளை வீட்டுக்கு அனுப்புங்கள்.

(கையெழுத்து)