பூஜைக்கு மின்னிய சைக்கிள்

வேலை நின்றுபோன செங்கல் சூளையை விட்டு நடந்து வந்தவன், ஓசூர் ரோட்டிலுள்ள சந்தாபுராவில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஒரு புருஷனும் பெண்சாதியும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"ஆயுத பூஜைக்குப் பையனோட கியர் சைக்கிள் பூரா தேங்கா எண்ணெ தடவிட்டேங்க. என்னமா மின்னுது!"

"பூராவா? செயினுக்குத்தானே போடச் சொன்னான்?"

"ரிம்முக்கும்தான்."

"அடிப்பாவி! பிரேக்கோட ரப்பர் கட்டை அந்த ரிம்மைத்தானேடி புடிக்கணும்? எண்ணெ பட்டா வழுக்கிடுமே. சைக்கிள் எங்க?"

"காலைலயே டெம்போல ஏத்தினு போயிட்டான். கூட்டாளிங்களோட நந்தி மலை உச்சிலருந்து ஓட்டிக்கினு எறங்கறாங்களாம்."

"நில்ஸி, நில்ஸி!" என்று பஸ்ஸை நிறுத்தச் சொல்லி அவர் கண்டக்டரிடம் கன்னடத்தில் கத்தினார். பஸ் நிற்பதற்குள் இருவரும் குதித்தார்கள். அவளுடைய செருப்பு சீட்டடியிலேயே கிடந்தது.

"இப்ப யாருக்குங்க போன் போடறது?" என்று அவள் கேட்டது ஜன்னல் வழியே காதில் விழுந்தது.

மறுநாள் காலை இரண்டு லாரிகளில் கிளீனர் வேலை இருந்தது. அந்தப் பையன் என்ன ஆனான் என்று தெரியவர வேண்டாமென்று, நந்தி வழியாகப் போகிறதை விட்டுவிட்டு, ஓசூர் லாரியில் ஏறிக்கொண்டேன்.