பெரியாத்தா பூண்டுல பேன்

தண்ணி சூடாக இன்னும் நேரமிருக்கு. கம்பளியை நடுவுல விரிச்சிட்டுச் சுத்தி உக்காருங்க. யாரும் கண்ணை மூட வேணாம், சொல்லிட்டேன்! ஏன் கத்துறேன்னு கேக்காதீங்க, கதையைக் கேளுங்க.

ரோடு ஏறாத காலம், பஸ்சு பாக்காத காலம். இதே தூம்பறை ஊருல ஒருத்தி இருந்தாளாம். பேரு சீரங்காயி. எங்க பூட்டனைப் பெத்தவ.

அப்பவும் இதே வழக்கம்தான். அறுவடை முடிஞ்சா வீட்டுக்கு ஒரு பிடி பூண்டு பெரியாத்தா கோயில் பரணுக்குப் போகும். எல்லார் வீட்டுப் பூண்டும் ஒண்ணாக் கெடக்கும். நடவு நாள்ல பூசாரி அதை அள்ளி ஆளுக்கொரு பிடி குடுப்பாரு. மொத பாத்தியில அதைத்தான் நடணும். சாமி பூண்டு.

ஒரு வருசம் சீரங்காயி காட்டுல பயிரு கோணிக்கிச்சாம். தாளு பிரியாம ஒண்ணோடொண்ணு ஒட்டிச் சுருண்டு, ஓரமெல்லாம் மஞ்சக் கோடாம். அறுத்துக் கட்டித் தொங்கவிட்ட பூண்டும் சூம்பிப் போச்சு. சாம்பல் தூவினாளாம், போகலையாம். புகை போட்டாளாம், போகலையாம். கோணின பயிரைப் பிடுங்கி எரிச்சாளாம், அப்பவும் போகலையாம். அடுத்த வருசமும் மொத பாத்தியிலதான் ஆரம்பிச்சுதாம்.

"அதென்ன எப்பவும் மொத பாத்தி?"ன்னு வீடு வீடாப் போயிக் கேட்டாளாம். எவன் காதுல விழுந்துச்சு? "உனக்கு ராசியில்ல தாயி"ன்னு அனுப்பிட்டாங்களாம். எனக்கு இப்ப நெனச்சாலும் பத்திக்கிட்டு வருது.

மாமியா வழி வந்த விதை அவளுக்கு ரெண்டே கொத்துதான் மிச்சம். அதுவும் போனா அந்த விதையே அத்துப்போகும். அந்த நேரம் பாத்து, குளிக்கக் காயவச்ச அண்டாத் தண்ணியில ஒரு கொத்து கயிறு அறுந்து விழுந்துச்சாம். அழுதுக்கிட்டே எடுத்து, மனசு கேக்காம ஒரு ஓரத்துல நட்டாளாம். அது மட்டும் நெட்டுக்குத்தா வந்துச்சாம்!

அவளுக்குத் தலைகால் புரியல. அடுத்த கொத்தை நல்லாக் கொதிக்கவச்சு முக்கிட்டா. என்னாச்சு? வெந்து போயி கொழம்புக்கு ஆச்சு. ஊரே சிரிச்சுதாம். அப்பறம் ஓரத்துல வெளைஞ்சதுல நாலு நாலு பல்லா எடுத்து எடுத்துப் பாத்துத்தான் பக்குவம் பிடிச்சாளாம். கைய விட்டாச் சுள்ளுன்னு இழுத்துக்கணும், ஆனா கொதி வரக்கூடாது. ஒரு வெத்தல மென்னு துப்பற நேரம் ஊறணும். எடுத்த கையோட ஊத்துத் தண்ணியில போட்டு, நெழல்ல காயவைக்கணும்.

நடவு நாள் வந்துச்சு. சீரங்காயி நேரா கோயிலுக்குப் போயி, உச்சி வெயில்ல கருப்புக் கம்பளியை விரிச்சாளாம். சாமி பூண்டை உரிச்சு அது மேல தட்டினாளாம். மாவு மாதிரி வெள்ளைத் தூசி விழுந்துச்சாம்.

"பூசாரி மாமா, குனிஞ்சு பாருங்க. தூசி நடக்குது."

"காத்துக்கு ஆடுதுடி."

"அப்ப எல்லாரும் மூச்சை அடக்குங்க!"

அடக்கினாங்களாம். ஊரே மூச்சை அடக்கிட்டு நின்னுச்சாம். தூசி மட்டும் நடந்துச்சாம்!

"பேனு மாமா. பல்லிடுக்குல பேனு. பரண்ல எல்லாப் பூண்டும் ஒண்ணாக் கெடந்து ஒண்ணுலருந்து ஒண்ணுக்கு ஏறுது. நம்ம கையாலயே வீட்டுக்கு ஒரு பிடி வாங்கிட்டுப் போறோம்."

"ஆத்தா பூண்டுல பேனா? நாக்கு அழுகிரும்டி!"

"ஆத்தாளையே வருசாவருசம் வெந்நீர் ஊத்திக் குளிப்பாட்டறீங்க. அவ பூண்டைக் குளிப்பாட்டினா ஆகாதா?"

ஆனாலும் கேட்டாங்களா? கேக்கலையே! கண்ணால பாத்துட்டு, அதே பூண்டை மடியில கட்டிக்கிட்டுப் போனாங்களாம். இவ மட்டும் வாங்கல. சாமி பூண்டை வேணாம்னவன்னு ஊரு அவகிட்டப் பேச்சை நிறுத்திருச்சாம்.

அந்த வருசம் தூம்பறை முச்சூடும் கோணிக்கிச்சு. பூசாரி காடும் கோணிக்கிச்சு. சீரங்காயியோட ஒத்தப் பாத்தி மட்டும் நிமிந்து நின்னுச்சாம். பேசாத ஊரு விதை கேட்டு அவ வாசலுக்கு வந்துச்சாம்.

"தரேன். ஆனா இனிமே எந்த விதையும் முக்காம மண்ணுக்குப் போகக் கூடாது. அது ஆத்தாளோடதா இருந்தாலும் சரி. பூசாரி மாமா மொதல்ல கைய விடட்டும்"னாளாம்.

பூசாரி அண்டாவுல கைய விட்டாராம். "ஆத்தாடி!"ன்னு இழுத்துக்கிட்டாராம்.

"அதான் மாமா பக்குவம்"னாளாம்.

அன்னையிலருந்துதான் நடவுக்கு முன்னாடி இங்க அண்டா வைக்கறது. பூசாரி கைதான் மொதக் கை. அன்னையிலருந்துதான் கருப்புக் கம்பளி விரிச்சு, பூண்டைத் தட்டி, ஊரே மூச்சை அடக்கறது.

ஆனா நீங்க என்ன பண்றீங்க? கன்னத்துல போட்டுக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு மூச்சை அடக்கறீங்க! சாமி பூண்டைப் பேருக்கு நாலு பல்லு முக்கறீங்க, சந்தையில வாங்கின விதை மூட்டையை அப்படியே காட்டுக்குக் கொண்டு போறீங்க. போன வருசம் எட்டுக் காடு கோணுச்சு. ஒருத்தனுக்காவது ஒறைச்சுதா? பாக்கறதுக்குத்தானடா அவ மூச்சை அடக்கச் சொன்னா!

இந்தா, இது அந்தச் சந்தை மூட்டையில எடுத்தது. தட்டறேன். மூச்சை அடக்குங்க.

டேய், கண்ணைத் தொறங்கடா. அந்தா, நடக்குது பாரு.