லியேம் அண்ணன் குளமும் நான் அனுப்பிய பொய்ச் செய்தியும்

கண்டிப்புக்குப் பெயர் போனவரும், ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசினால் மணியடித்துவிடுவேன் என்று என்னை மிரட்டியே மேடையேற்றியவருமான எங்கள் இறால் வளர்ப்புக் கூட்டுறவுச் சங்கத் தலைவர் வுவோங் ஐயா அவர்களே! நம் கா மாவ் கால்வாய்க் கரைகளிலே கடல் ஓதம் பார்த்து ஓதம் பார்த்தே தலை நரைத்த பெரியவர்களே! காலிலே ஒட்டிய சேறு காயும் முன்னே கிளம்பி வந்திருக்கும் தாய்மார்களே! பக்கத்து மாவட்டங்களிலிருந்து படகேறி வந்திருக்கும் விருந்தினர்களே! ஐஸ் காப்பியும் கையுமாகக் கடைசி வரிசையைக் கைப்பற்றிக்கொண்ட அண்ணன்மார்களே! அனைவருக்கும் கிம் தோவாவின் பணிவான வணக்கம்.

நம் சங்கத்து மென்பொருளுக்கு நான் எழுதிய கூடுதல் மாட்யூலை எப்படி உருவாக்கினேன் என்று பேசச் சொன்னார் தலைவர். எப்படி உருவாக்கினேன் என்பதை விருந்தினர்களுக்குக் காகிதத்திலே கொடுத்துவிட்டேன். அதை வைத்து எப்படி ஒரு குளத்தைக் கெடுத்தேன் என்பதை இப்போது சொல்லப் போகிறேன்.

என்ன, கடைசி வரிசையிலே சிரிப்பா? சாவ் அண்ணன்தானே? சிரியுங்கள் அண்ணே, நீங்கள் அன்றைக்கு ஓடிய ஓட்டத்தையும் சொல்லத்தான் போகிறேன்!

நாம் வைத்திருப்பது யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திறந்து பார்க்கலாம், யாரும் திருத்தலாம் என்று உலகத்துக்கே விட்டுவிட்ட மென்பொருள். வாங்கியதை எழுத அதிலே இடம் உண்டு. விற்றதை எழுத இடம் உண்டு. கிடங்கிலே எத்தனை மூட்டை தீனி என்று எழுதவும் இடம் உண்டு. ஆனால், அவையோரே, இறாலுக்கு நோய் வந்தால் எழுத அதிலே இடம் உண்டா? ஒரு குளத்து நோய் கால்வாய் வழியே நாற்பது குளத்துக்குப் பாயுமே, அதைத் தடுக்க அதிலே வழி உண்டா? இல்லை! ஆகவே நானே எழுதினேன். மூல நிரலிலே கைவைக்காமல், வீட்டுச் சுவரை இடிக்காமல் பக்கத்திலே தாழ்வாரம் இறக்குவது போல எழுதினேன். ஆய்வுக்கூடத்து முடிவை உள்ளே பதிந்தால் போதும். நோயுள்ள குளத்துக்காரருக்கு 'உடனே அறுவடை செய்க' என்று ஒரு செய்தி. அதே கால்வாயிலே உள்ள மற்றவர்களுக்கு 'மதகை அடைத்து வையுங்கள்' என்று ஒரு செய்தி.

எழுதியதைச் சோதிக்க வேண்டாமா? சங்கத்துத் தகவல் முழுவதையும் நகலெடுத்தேன். நகலெடுத்தவுடன் அதிலுள்ள தொலைபேசி எண்களை அழிக்க வேண்டும். நிரல் எழுதுகிறவர்களுக்கு இது அரிச்சுவடி. அந்த அரிச்சுவடியை நான் மறந்தேன். காலை ஒன்பது மணிக்கு, பட்டியலிலே கண்ணில் பட்ட ஒரு குளத்துக்கு வெண்புள்ளி நோய் என்று பொய்யாகப் பதிந்து பொத்தானை அழுத்தினேன். அது லியேம் அண்ணனுடைய குளம்.

அடுத்த அறையிலிருந்து ஹான் அக்கா, நம் அலுவலகத்துக் கணக்கர், கத்திக்கொண்டே வந்தார்.

"அடியே தோவா! லியேம் குளத்துல வெண்புள்ளியாமே! எங்க வீட்டுக்காரருக்கு மெசேஜ் வந்திருக்கு, மதகை அடைக்கச் சொல்லுது!"

"என்ன மெசேஜ்க்கா?"

"நீ அனுப்பினதுதான்டி. பின்னே நானா அனுப்பினேன்?"

லியேம் அண்ணனுக்கு அழைத்தேன். இணைப்பு கிடைக்கவில்லை. மீண்டும் அழைத்தேன். வலை இழுக்க ஆள் தேடித் தொலைபேசியிலே ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்தார் அவர். குளத்துக்குப் போக வண்டியிலே இருபது நிமிடம். ஊர் ஒலிபெருக்கி நிலையத்துக்கோ இரண்டே நிமிடம். ஓடினேன். அங்கே டாம் மாமா உட்கார்ந்திருந்தார்.

"எழுதிக் கொண்டா. தலைவர் கையெழுத்து இருந்தா படிக்கிறேன். நெனச்சவங்க கத்துறதுக்கு இது என்ன மீன் சந்தையா?"

"கையெழுத்து வாங்கிட்டு வர்றதுக்குள்ள குளமே காலியாயிடும் மாமா!"

என் முகத்தைப் பார்த்தார். ஒலிவாங்கியை என் பக்கம் தள்ளினார். "பேசு. உன் பேரைச் சொல்லிப் பேசு. என் பேரை மட்டும் இழுத்துடாதே."

மன்னியுங்கள் மாமா, இன்று இழுத்துவிட்டேன்!

பேசினேன். "நான் தோவா. நோய் எதுவும் இல்லை. செய்தி பொய். அனுப்பியவள் நான்தான்." கால்வாய் நெடுக என் குரல் போயிற்று. பயந்துபோய் நோயில்லாத தன் குளத்துக்கே வலை தூக்கிக்கொண்டு ஓடிய சாவ் அண்ணன் பாதி வழியிலே நின்றார். எல்லோரும் நின்றார்கள். ஒருவரைத் தவிர! லியேம் அண்ணன் குளத்திலே தண்ணீருக்குக் காற்றூட்டும் சக்கரங்கள் பத்தும் இரைந்துகொண்டிருந்தன. அவர் காதிலே எதுவும் விழவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது மூன்றாம் வலை கரையேறிக்கொண்டிருந்தது. ஐம்பத்திரண்டு நாள் இறால். சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத குஞ்சுகள்.

"நோய்க்காரப் பயலுக எப்படித் துள்ளுறானுங்க பாரு தோவா. ஒருத்தன் மேலயும் புள்ளியைக் காணோமே?" என்றார் லியேம் அண்ணன்.

"நோய் இல்லண்ணே. நான் சோதிச்சுப் பாத்தேன். தவறி உங்களுக்கு வந்துடுச்சு."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வலையைக் கீழே வைத்தார். பாதிக் குளம் கூடையிலே கிடந்தது. "சரி. இனிமே உன் மெசேஜ் வந்தா நான் என்ன செய்யணும்? அதை மட்டும் சொல்லிட்டுப் போ" என்றார்.

அவமானத்தோடு திரும்பினேன். ஆளுக்குக் கொஞ்சம் குஞ்சு கொடுத்து நீங்கள் அவர் குளத்தை நிரப்பினீர்கள். நான் நகலின் வாயைக் கட்டினேன். இனி எந்த நகலிலிருந்தும் ஒரு செய்தியும் வெளியே போகாது. ஆனால் அவர் கேட்ட கேள்வி அப்படியே நின்றது.

இரண்டு மாதம் கழித்து, கால்வாய் முகத்திலே ஒரு குளத்தில் நோய் என்று ஆய்வுக்கூடம் எழுதி அனுப்பியது. இம்முறை மெய்! நண்பகலுக்கு ஓதம் ஏறும். ஏறினால் அந்தத் தண்ணீர் திறந்திருக்கும் மதகுகளிலெல்லாம் நுழையும். மணி பதினொன்று. பொத்தானை அழுத்தினேன்.

மதகுகள் அடைபட்டனவா? இல்லை. தொலைபேசிதான் அடித்தது!

"என்ன தோவா, இன்னைக்கும் சோதனையா?"

"இல்லண்ணே, நிஜம்!"

"அன்னைக்கும் நிஜம் மாதிரிதாம்மா இருந்துச்சு."

ஒருவர் வைத்தால் மற்றொருவர். பதினொன்றே கால். பதினொன்றரையும் தாண்டியது. மீண்டும் ஒலிபெருக்கிக்கு ஓடலாமா? ஓடினாலும், பொய் என்று கூவிய அதே வாய் உண்மை என்று கூவினால் எவர் நம்புவார்? அடுத்த அழைப்பை எடுத்தேன்.

அப்போது ஊர் ஒலிபெருக்கி கரகரத்தது. என் குரல் இல்லை அவையோரே, ஆண் குரல்!

"நான் லியேம் பேசுறேன். இவ மெசேஜை நம்பிப் பாதிக் குளத்தைத் தொலைச்சவன் நான். என் மதகை அடைச்சுட்டேன். உங்களுக்கு என்ன கேடு? அடைங்கய்யா!"

அடைத்தீர்கள்! ஓதம் ஏறுவதற்குள் நாற்பது மதகும் அடைத்தீர்கள்! நாற்பது குளமும் பிழைத்தன!

மாலையிலே அவர் வீட்டுக்குப் போனேன். "எப்படிண்ணே என்னை நம்புனீங்க?" என்றேன்.

"உன்னை எங்கே நம்பினேன்? மெசேஜ் வந்ததும் சக்கரத்தையெல்லாம் நிறுத்திட்டு, கரையில காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். பொய்யா இருந்தா கால் மணி நேரத்துல நீயே ஒலிபெருக்கியில அலறியிருப்பே. அலறலே. அப்ப நிஜம்னு எழுந்து போய் அடைச்சேன், ஒலிபெருக்கிக்கு வண்டியை விட்டேன்."

விருந்தினர்களே! இந்த மாட்யூலை இலவசமாகவே எடுத்துச் செல்லுங்கள். பிரித்துப் பாருங்கள், உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றுங்கள். ஆனால் உங்கள் ஊரிலே பொத்தானை அழுத்தப்போகிறவர் யார்? தவறினால் அடுத்த நிமிடமே தன் பெயரைச் சொல்லி அலறுவாரா? அதை முதலிலே விசாரியுங்கள். அப்படி ஒருவர் கிடைத்த பிறகு கணினியைத் திறவுங்கள்!

மணியின் மேல் கையை வைத்தும் அடிக்காமல் காத்த தலைவருக்கு நன்றி. பொறுத்த உங்களுக்கு நன்றி. மூன்றாம் வரிசையிலே தலை குனிந்துகொண்டிருக்கும் லியேம் அண்ணனுக்கு என் வணக்கம்!