தண்ணீர் ஊசி

பௌர்ணமிக்கு மறுநாள் எங்கள் ஆஸ்பத்திரியில் கூட்டம் ஜாஸ்தியாக இருக்கும். மலையைச் சுற்றிவிட்டு, பாதம் கொப்பளித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். மாத்திரை கொடுத்தால் முகம் தொங்கிவிடும். ஊசி போட்டால்தான் வைத்தியம் பார்த்ததாக நம்புவார்கள். டாக்டர் சக்கரபாணி எனக்குக் கண்ணைக் காட்டுவார். நான் காய்ச்சி வடித்த தண்ணீரை ஊசியில் ஏற்றிப் போடுவேன். சிரித்துக்கொண்டே பஸ் ஏறுவார்கள். இந்தப் பழக்கத்தை நான் ஆரம்பிக்கவில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரி மருந்தை நான் வெளியே விற்றுவிட்டேன் என்று சந்தேகப்பட்டுத்தான் மருந்து அலமாரியை உடைத்தீர்கள். சாவியைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். உள்ளே எல்லாம் அப்படியே இருந்ததைப் பார்த்ததும் உங்களுக்குச் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது, பாவம்.

எண்பத்தொன்றில், கல் உடைக்கிற இராமலிங்கம் காலில் சீழோடு வந்தார். பென்சிலின் போட்டோம், கேட்கவில்லை.

"சளிக்கும் இருமலுக்கும் இதையே போட்டுப் போட்டுக் கிருமிக்குப் பழகிடுச்சு, பச்சையம்மா சிஸ்டர்" என்றார் டாக்டர்.

இராமலிங்கம் என் கையைப் பிடித்தபடியே செத்தார். அன்றைக்கு நான் அழுதேன். கொஞ்ச நாளில் ஜெண்டாமைசின் என்று அதைவிட வீரியமான மருந்து வந்தது. டாக்டர் அலமாரிச் சாவியை என்னிடம் கொடுத்தார்.

"கண்டவங்களுக்கெல்லாம் போட்டுடாதீங்க. இதையும் கெடுத்துட்டா நம்ம கையில வேற எதுவும் இல்ல."

அதை நான் வேதமாக எடுத்துக்கொண்டேன். சொன்னவர்தான் மறந்துவிட்டார். ரைஸ்மில்காரருக்கு ஜுரம் என்றால் எழுதினார். ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரிக்கு வயிற்றுப்போக்கு என்றாலும் எழுதினார். அந்தச் சீட்டுகளைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நோயாளிகளையும் நான் நம்பவில்லை. கொஞ்சம் தேறினால் போதும், பாதி ஊசியில் எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிற ஜனங்கள். ஜெண்டாமைசினும் பார்க்கத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். அதனால் அவர்களுக்கும் தண்ணீரையே போட்டேன். முக்கால்வாசிப் பேர் எழுந்து நடந்தார்கள். நடக்காதவர்களும் சிலர் இருந்தார்கள்.

உண்ணாமலை என்பவள் அடி அண்ணாமலை ஊர்க்காரி. ஆபரேஷன் செய்து ஆண்பிள்ளை பெற்றாள். தையல் போட்ட இடம் சிவந்து ஜுரம் கண்டது. டாக்டர் ஜெண்டாமைசின் எழுதினார். அவள் புருஷன் வேடியப்பன் வார்டு வாசலை விட்டு நகரவில்லை.

"ஊசி போட்டாச்சுங்களா சிஸ்டர்?"

"போட்டாச்சு."

பொய் சொல்லவில்லை, ஊசி போட்டேன். ஜுரம் ஏறிக்கொண்டே போனது. "குளுருதுங்க சிஸ்டர்" என்றாள். என் போர்வையைக் கொண்டுவந்து போர்த்திவிட்டேன். அலமாரி பக்கத்திலேயே இருந்தது, சாவி என் இடுப்பில் இருந்தது. எடுத்துப் போட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது, மறைக்க மாட்டேன். ஆனால் ஒருத்திக்கு இளகினால் அடுத்தவளுக்கும் இளக வேண்டியிருக்கும்.

வெள்ளிக்கிழமை காலையில் போய்விட்டாள். டாக்டர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இதுவும் பழகிடுச்சு சிஸ்டர். இனிமே இத எழுத மாட்டேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் இவ்வளவு காலம் காத்திருந்தேன்.

ஆனால் அவர் முன்பே உண்ணாமலையின் சீழை வேலூருக்குப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். அந்தக் கிருமி ஜெண்டாமைசின் பட்டதும் செத்துவிட்டதாம். அப்புறம்தான் அவர் பார்வை என் இடுப்புச் சாவி மேல் விழுந்தது, நீங்கள் வந்தீர்கள். பரிசோதனை முடிவைக் கேட்டு நான் சிரித்தேன் என்று உங்கள் கான்ஸ்டபிள் எழுதிக்கொண்டார். ஏன் சிரிக்கக் கூடாது? மருந்து கெடவில்லை என்பது எவ்வளவு நல்ல செய்தி.

ஆமாம், உண்ணாமலைக்குத் தண்ணீர் போட்டது நான்தான். மற்றவர்களுக்கும் நான்தான். வேடியப்பனைப் பார்த்தால் ஒன்று சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்கு நாளைக்கே ஜுரம் வந்தாலும் அவன் பயப்பட வேண்டாம். ஜெண்டாமைசின் நன்றாகவே வேலை செய்யும். அவன் பெண்டாட்டிக்குப் போட்டு நான் அதை வீணாக்கவில்லை.