தரை டாக்டருக்கு நாம் செலுத்திய மௌனம்

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனை இயக்குநர் அவர்களே, ஆய்வுக்குழுத் தோழர்களே, செவிலியச் சகோதரிகளே, முன்வரிசையில் தலை நிமிராமல் அமர்ந்திருக்கும் என் மாப்பிள்ளையே! மறைந்த நம் கணுக்கால் அறுவைப் பேராசிரியர் என்னை 'அண்ணே' என்று அழைத்தவர். அவருடைய கணவர் எனக்கு மாப்பிள்ளை இல்லாமல் வேறு யார்?

சற்று முன் மௌன அஞ்சலி செலுத்தினோம். அடடா, என்ன கட்டுப்பாடு! ஓர் இருமல் இல்லை, ஒரு நாற்காலி கிறீச்சிடவில்லை. அந்த மௌனம் நமக்கு எப்படிக் கிடைத்தது தெரியுமா? சொல்ல நாக்கு கூசுகிறது. ஆனால் சொல்லாமல் இந்த மேடையை விட்டு நான் இறங்கப்போவதில்லை.

நீங்கள் அவரைப் பேராசிரியர் என்பீர்கள். வார்டில் அவருக்குத் 'தரை டாக்டர்' என்று பெயர். குழந்தையைக் கட்டிலில் ஏற்றி, நாலு பேர் சுற்றி நின்று காலை அமுக்கிப் பிடிப்பது நம் வழக்கம். அவரோ செருப்பைக் கழற்றி மூலையில் விட்டுவிட்டுத் தரையில் கால்நீட்டி உட்காருவார். குழந்தையின் பாதம் தானாக வந்து தன் பாதத்தைத் தொடும்வரை கையை மடியைவிட்டு எடுக்கமாட்டார். பிறகு செருப்பை மறந்து வெறுங்காலோடு அடுத்த அறைக்குப் போய்விடுவார். ஊரார் காலையெல்லாம் நிமிர்த்தியவருக்குத் தன் செருப்பு எங்கே கிடக்கிறது என்று ஒருநாளும் தெரிந்ததில்லை! சிரியுங்கள், பரவாயில்லை. இதைச் சொல்லி அவரே சிரிப்பார்.

ஒருநாள் தையல் வேலை செய்யும் ஒரு தாய் தன் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தை. பேச்சு வரவில்லை. குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில் நடப்பவள், படியில் விழுந்திருந்தாள். நம் அவசரப் பிரிவில் என்ன சொன்னார்கள்? "இவ நடையே இப்படித்தானேம்மா? சிரிச்சுக்கிட்டு வேற இருக்கா. கூட்டிட்டுப் போங்க."

அந்தத் தாய் நகரவில்லை. "வலிச்சாத்தான் டாக்டர் இப்படிச் சிரிப்பா. சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறாங்க."

தரை டாக்டர் நம்பினார். "அப்போ நிறையச் சிரிச்சா நிறைய வலியாம்மா?" என்று கேட்டார். எக்ஸ்ரே எடுத்தார்கள். கணுக்கால் இரண்டு பக்கமும் உடைந்திருந்தது. அவரே அறுவை செய்து, பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்து எலும்பைச் சேர்த்தார்; குதிகால் தரையில் படும்படி இறுகிய தசைநாரையும் நீட்டிவிட்டார். அதோடு விட்டாரா? அவரா விடுவார்!

கணுக்கால் அறுவைக்குப் பின் வலி எப்படித் தணிகிறது என்று அப்போது இங்கே ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. அதில் ஒரு விதி: கேள்விக்குப் பதில் சொல்ல இயலாதவர்கள் சேர்க்கப்படமாட்டார்கள். அந்த விதியை நீக்க வேண்டும் என்று ஆய்வுக்குழுவின் முன் வந்து நின்றார். "சிரிக்கிற பிள்ளைக்கு வலியை எப்படிம்மா அளப்பீங்க?" என்று குழுவில் ஒருவர் கேலியாகக் கேட்டார். அந்தக் குழுவுக்குத் தலைவன் நான். அன்று முழுக்க அவருக்கு நான் 'அண்ணே' இல்லை, 'சார்'.

"பெத்தவங்களைக் கேளுங்க சார். ஒருத்தி சிரிப்பா. ஒருத்தன் சட்டைக் கையைக் கடிப்பான். இன்னொருத்தன் முணுமுணுக்கிற பாட்டை நிறுத்திடுவான். ஆபரேஷனுக்கு முன்னாடியே கேட்டு வச்சுக்கிட்டா அதுதான் அளவு. நமக்குக் கேக்கத் தெரியலைன்னா, பிள்ளையை வெளியே நிறுத்துறதா?"

விதி போயிற்று. ஆய்வு முடிந்தபோது என்ன தெரியவந்தது? அந்தப் பிள்ளைகளுக்கு நாம் கொடுத்துவந்த வலிமருந்து மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு! ஏன்? அழவில்லை, அதனால் கொடுக்கவில்லை. அதன்பிறகு நம் வார்டின் முறையே மாறியது. அந்த ஆய்வைக் கொண்டுபோய் எத்தனை மேடைகளில் பெருமை பேசினோம்!

இப்போது இந்த அரங்கின் வாசலுக்கு வருகிறேன். கூட்டம் தொடங்குமுன் ஏற்பாட்டாளர் ஒருவர் என் காதருகே குனிந்தார். "சார், அந்தத் தையற்கார அம்மா பொண்ணைக் கூட்டிட்டு வந்திருக்காங்க. அந்தப் பொண்ணு டாக்டரம்மா போட்டோவைப் பார்த்துப் பார்த்துச் சத்தமாச் சிரிக்குது. மௌன அஞ்சலியில சிரிச்சா அசிங்கமாப் போயிடும். கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லவா?"

நான் தலையாட்டினேன். ஐயா, நான் தலையாட்டினேன்! அந்தச் சிரிப்பு என்னவென்று தெரிந்தவன் நான். உங்களில் பாதிப்பேருக்கும் தெரியும். அந்தப் பெண் இருக்கையிலிருந்து எழுப்பி அனுப்பப்பட்டதை எல்லோரும்தான் பார்த்தோம். ஒருவராவது வாய் திறந்தோமா? "பரவாயில்லைங்க, எங்களுக்குப் பழக்கம்தான்" என்று சொல்லிக்கொண்டே அந்தத் தாய் கதவையும் தானே சாத்திவிட்டுப் போனார். பிறகு நாம் எழுந்து நின்று, கண்ணை மூடி, அழகாக மௌனம் காத்தோம்.

வெட்கமாக இருக்கிறது. அவர் போராடி நீக்கிய விதியை அவருடைய படத்துக்கு எதிரிலேயே நாம் மறுபடி கொண்டுவந்துவிட்டோம். மாப்பிள்ளை, உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

'அன்னாரின் பணியைத் தொடர்வோம்' என்று வாசிக்கச் சொல்லி ஓர் உறுதிமொழியைக் கொடுத்திருக்கிறார்கள். எந்த முகத்தோடு வாசிப்பது? என் வாயால் ஒன்று மட்டும் சொல்கிறேன். பேச முடியாத பிள்ளையை வெளியே நிறுத்தும் எந்த ஆய்வும் இனி என் கையெழுத்தோடு இந்த மருத்துவமனையில் நடக்காது. அதைவிட முதல் வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. தம்பி, அந்தக் கதவைத் திறங்கள்.

வாங்கம்மா, உள்ளே வாங்க. மன்னிச்சிடுங்கன்னு கேக்கவே கூசுது. அங்கே ஓரமா வேண்டாம், முன்னாடி வாங்க. பாப்பாவை டாக்டரம்மா போட்டோகிட்டயே கூட்டிட்டு வாங்க.

பாருங்கள், குதிகாலைத் தரையில் ஊன்றி நடந்து வருகிறாள். சிரித்துக்கொண்டே வருகிறாள். கேட்கிறதா உங்களுக்கு? நம் எல்லோரையும்விடப் பலமாகக் கேட்கிறது.

என் உரையை முடித்துக்கொள்கிறேன். எல்லோரும் இன்னொரு முறை எழுந்து நில்லுங்கள். அவள் சிரித்து முடிக்கும்வரை யாரும் உட்கார வேண்டாம்.